வீட்டுக் கணக்கு: 4 சதவீதமும் 12 சதவீதமும்

போன மாதப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று நியூஜெர்சியிலிருந்து. எழுதியவர் இரண்டு குழந்தைகளின் அம்மா. பெரியவளுக்கு வயது பத்து. அவள் காலேஜுக்கென்று சேர்த்த 30,000 டாலர் ஓர் ஆன்லைன் பேங்கின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. வட்டி 4 சதவீதம். இந்த நேரத்தில் அவருடைய தம்பி ஒரு கிரிப்டோ ஆப்பைக் காட்டியிருக்கிறார். "டாலர் விலையிலேயே நிக்கிற காயின்தான் அக்கா, ஏறாது, இறங்காது. 12 பர்சன்ட் தர்றாங்க. அதுவும் தினமும் வட்டியைக் கூட்டுறாங்க. உங்க பேங்க்ல மாசத்துக்கு ஒரு தடவைதானே?" கணவருக்குப் பயம். ஏன் பயம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீங்க கணக்கா சொல்லுங்க, வீட்ல சண்டை முடியட்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

கணக்காகவே பார்த்துவிடலாம். இந்தக் கடிதத்துக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தினமும் கூட்டினால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? அந்த 12 சதவீதத்தை யார், எந்தப் பணத்திலிருந்து தருகிறார்கள்? அந்த ஆப் ஒருநாள் கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் பணம் யாருடையது? முதல் கேள்வி சுலபம் என்பதால் விளம்பரம் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். காலேஜ் பணத்தின் தலையெழுத்து மற்ற இரண்டில்தான் இருக்கிறது.

ஏ.பி.ஆர்., ஏ.பி.ஒய்.

இந்த இரண்டு பெயர்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஏ.பி.ஆர். என்பது நேராக வகுக்கிற விகிதம். வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். அவ்வளவுதான். ஏ.பி.ஒய். என்பது வந்த வட்டியை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டு, வருடக் கடைசியில் மொத்தம் எவ்வளவு கூடியிருக்கும் என்று சொல்வது. நம் வீட்டுப் பெரியவர்கள் வட்டிக்கு வட்டி என்பார்களே, அதை உள்ளே வைத்துச் சொல்லும் எண். பிரிட்டனில் இருப்பவர்கள் இதையே ஏ.இ.ஆர். என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் 1991-ல் ட்ரூத் இன் சேவிங்ஸ் சட்டம் வந்தது. அதன்படி பேங்க் தன் சேமிப்புக் கணக்கின் வட்டியை விளம்பரப்படுத்தினால் ஏ.பி.ஒய். எண்ணைச் சொல்லியாக வேண்டும். ஆகவே உங்கள் பேங்க் "4 சதவீதம் ஏ.பி.ஒய்." என்று போட்டிருந்தால், கூட்டல் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மாதாமாதம் கூட்டுகிறார்களே என்று அதற்கு மேல் இன்னொரு தடவை கணக்குப் போடக் கூடாது. ஆப்பில் தெரிகிற 12 சதவீதம் எந்த வகை என்பதையும் பாருங்கள். ஒருவர் ஏ.பி.ஆர்., இன்னொருவர் ஏ.பி.ஒய். சொன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

கடன் வாங்கும்போது கதை தலைகீழ். அங்கே சின்னதாகத் தெரிகிற ஏ.பி.ஆர்.தான் முன்னால் நிற்கும். கிரெடிட் கார்டில் 24 சதவீதம் ஏ.பி.ஆர். போட்டு, தினமும் கூட்டினால், வருடக் கடைசியில் அது 27 சதவீதத்தைத் தாண்டிவிடும். கார்டு பாக்கியை மாதாமாதம் இழுத்துக்கொண்டே சேமிப்பில் 4-ஆ 5-ஆ என்று யோசிக்கிறவர்கள் முதலில் அந்தப் பாக்கியை அடையுங்கள். அதைவிட நல்ல, நிச்சயமான வட்டி எந்த ஆப்பிலும் கிடைக்காது.

தினமும் கூட்டினால் எவ்வளவு?

10,000 டாலர், 5 சதவீதம், ஒரு வருடம். எத்தனை தடவை கூட்டினால் கடைசியில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை: 10,500.00
மூன்று மாதத்துக்கு ஒரு தடவை: 10,509.45
மாதத்துக்கு ஒரு தடவை: 10,511.62
தினமும்: 10,512.67

மாதாமாதம் கூட்டுவதற்கும் தினமும் கூட்டுவதற்கும் இடையே பத்தாயிரத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வித்தியாசம். வெளியே ஒரு காபிகூட வாங்க முடியாது. நொடிக்கு நொடி கூட்டினாலும் 10,512.71-ஐத் தாண்டாது. 12 சதவீதத்திலும் இதே கதைதான். மாதாமாதம் கூட்டினால் 11,268.25, தினமும் கூட்டினால் 11,274.75. வித்தியாசம் ஆறரை டாலர்.

எங்கள் வேலையில் சொல்கிற மாதிரிச் சொன்னால் கூட்டு வட்டி ஒரு சின்ன லூப். ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற தொகையை ஓர் எண்ணால் பெருக்கி, வந்ததை அடுத்த சுற்றுக்குக் கொடுக்கிறோம். சுற்றுகளைப் பொடிப்பொடியாக நறுக்கினால், ஒவ்வொரு சுற்றின் பெருக்கலும் அதே அளவுக்குப் பொடியாகிவிடுகிறது. அதனால்தான் ஓர் எல்லையில் போய் நின்றுவிடுகிறது.

நறுக்குவதால் வராத பலன், லூப் நீண்ட காலம் ஓடினால் வருகிறது. 10,000 டாலருக்கு 5 சதவீதம் தனி வட்டி என்றால் 18 வருடத்தில் 19,000 ஆகும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை கூட்டினாலும் அது 24,066 ஆகிவிடுகிறது. குழந்தை பிறந்த மாதத்திலிருந்து மாதம் 100 டாலர் போட்டு, 4 சதவீதத்தில் மாதாமாதம் கூட்டிக்கொண்டே வந்தால், 18 வருடத்தில் நீங்கள் போட்டது 21,600. கையில் இருப்பது சுமார் 31,500. 72 கணக்கு தெரிந்தவர்கள் மனக்கணக்காகவே போடலாம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 4 சதவீதத்துக்கு 18 வருடம். 12 சதவீதத்துக்கு 6 வருடம்.

"தினமும் கூட்டுகிறோம்" என்ற வாசகம் பூதம் போல வளர்வது ஒரே ஓர் இடத்தில்தான். அடிப்படை விகிதமே பயங்கரமாக இருக்கும்போது. சில கிரிப்டோ தளங்களில் ஆயிரக்கணக்கான சதவீதம் ஏ.பி.ஒய். என்று மின்னும். அது எப்படி வருகிறது? தினமும் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கூட்டினால் வருடத்துக்கு 365 சதவீதம். அதையே தினமும் அசலில் சேர்த்துக்கொண்டே போனால் 3,678 சதவீதம். அதாவது 100 டாலர் போட்டால் 3,778 டாலர். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் இன்றைய ஒருநாள் விகிதம் 365 நாளும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நாளைக்கே விகிதம் பத்தில் ஒன்றாகிவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பேங்க் சேமிப்புக் கணக்கின் விகிதமும் மாறக்கூடியதுதான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக இப்படிச் சரியாது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு விகிதம் மாறாமல் வேண்டுமென்றால் அமெரிக்காவில் சி.டி., கனடாவில் ஜி.ஐ.சி., இந்தியாவில் ஃபிக்ஸட் டெபாசிட் என்று தனியாக இருக்கின்றன.

யார் தருகிறார்கள்?

வட்டி என்பது யாரோ ஒருவர் நமக்குக் கொடுக்கும் பணம். அவர் அதை எங்கேயோ சம்பாதித்தாக வேண்டும். பேங்கில் இது பழகிய கதை. நம்மிடம் 4 சதவீதத்துக்கு வாங்கி, வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அரசுப் பத்திரங்களில் போடுகிறார்கள். இடையிலிருக்கும் வித்தியாசம் அவர்கள் பிழைப்பு.

கிரிப்டோவில் "யீல்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஸ்டேக்கிங். ஈதீரியம் போன்ற சில காயின்களில், நம் காயினைப் பூட்டிவைத்து அந்த வலைப்பின்னல் சரியாக ஓட உதவினால், அதற்குச் சன்மானம் உண்டு. புதிதாக உருவாகும் காயினிலிருந்தும் பயன்படுத்துகிறவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தும் அது வருகிறது. ஈதீரியத்தில் இது சமீப காலத்தில் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கிடைப்பது ஈதர். அதன் டாலர் விலைக்கு யாரும் பொறுப்பில்லை.

இரண்டாவது கடன். நம் காயினை ஆப் கம்பெனி வாங்கி, வேறு வியாபாரிகளுக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், என்ன ஈடு வாங்கினார்கள் என்பது நமக்குத் தெரியாது. தம்பி காட்டியது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வகையில் சம்பாத்தியமே இருக்காது. ஆள் சேர்ப்பதற்காகக் கைக்காசிலிருந்து வட்டி கொடுப்பார்கள். இதற்கு ஆங்கர் நல்ல உதாரணம். டெரா வலைப்பின்னலில் யு.எஸ்.டி. என்ற காயின் இருந்தது. ஒரு யு.எஸ்.டி. எப்போதும் ஒரு டாலர் என்றார்கள். அதை ஆங்கரில் போட்டால் 19.5 சதவீதம் அளவுக்கு வட்டி. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி இதற்குப் போதவில்லை. பற்றாக்குறையை ஒரு கையிருப்பு நிதியிலிருந்து ஈடுகட்டினார்கள். அந்த நிதி வற்றிக்கொண்டே வந்ததால் 2022 பிப்ரவரியில் அதில் 45 கோடி யு.எஸ்.டி. கொண்டுவந்து கொட்டினார்கள். இது யாரும் ஒளித்துவைத்த ரகசியமில்லை. செய்தியாகவே வந்தது. அந்த வட்டி எங்கும் சம்பாதிக்கப்படவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. அடுத்த மே மாதம் யு.எஸ்.டி. தன் ஒரு டாலர் பிடியை இழந்தது. சில நாட்களில் சில சென்ட்டுகளுக்கு வந்துவிட்டது. "ஏறாது, இறங்காது" என்றுதான் அதையும் சொன்னார்கள்.

நம் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 1990-களில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்து, 1997-ல் டெபாசிட்தாரர் நலன் காக்கத் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு 2008-ல் விழுந்த கோல்டன் கீ ஞாபகம் இருக்கும். அங்கெல்லாம் கம்ப்யூட்டரும் இல்லை, காயினும் இல்லை. பேங்கைவிட மிக அதிகமாகத் தருகிறேன் என்ற ஒரே வாக்குறுதிதான். கடிதம் எழுதியவரின் கணவருக்கு வரும் பயம் அந்த வழியாக வந்ததாகக்கூட இருக்கலாம். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அது அர்த்தமுள்ள பயம்.

14 கம்பெனி கணக்கு

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். 12 சதவீதத்தின் கவர்ச்சி பொய்யில்லை. அந்த 30,000 டாலர் 8 வருடத்தில், மகள் காலேஜுக்குப் போகும்போது, 4 சதவீதத்தில் 41,057 ஆகும். 12 சதவீதத்தில் 74,279. வித்தியாசம் 33,000 டாலருக்கு மேல். எந்த வீட்டிலும் இது சின்னப் பணம் இல்லை. அப்படியென்றால் எவ்வளவு ஆபத்து வரை இது லாபம்?

14,000 டாலரை 14 கம்பெனிகளில் ஆளுக்கு 1,000 என்று போடுகிறீர்கள். எல்லோரும் 12 சதவீதம் தருகிறார்கள். வருடக் கடைசியில் ஒரே ஒரு கம்பெனி மொத்தமாக விழுந்துவிட்டது. மீதி 13 கம்பெனிகள் தலா 1,120 தருகின்றன. மொத்தம் 14,560. இப்போது அதே 14,000 டாலரை பேங்கில் 4 சதவீதத்தில் போட்டிருந்தால்? அதே 14,560.

ஆக, 12 சதவீதம் என்பது 14-ல் ஒன்று விழும் என்பதற்கான விலை. அதைவிட அதிகமாக விழுந்தால் பேங்கே லாபம். விழுந்த கம்பெனியிலிருந்து பாதிப் பணமாவது திரும்பும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 8-ல் ஒன்று வரை தாங்கும்.

நிஜத்தில் என்ன நடந்தது? 2022 என்ற ஒரே வருடத்தில் பணம் எடுப்பதை நிறுத்தியவை அல்லது திவால் மனு போட்டவை: செல்சியஸ், வாயேஜர், சிங்கப்பூரிலிருந்து நடத்தப்பட்ட வால்ட், ஹோடில்நாட், பிறகு பிளாக்ஃபை, ஜெனிசிஸ். ஜெனிசிஸோடு சேர்ந்து ஜெமினி எர்ன் கணக்குகளும் முடங்கின. இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள் என்று சொல்ல 14 பேர்கூட இருந்தார்களா என்பது சந்தேகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 14 கம்பெனியில் பிரித்துப் போடுகிறவர் யாருமில்லை. ஒரு குடும்பம் ஓர் ஆப்பில்தான் போடும். வருடத்துக்கு 14-ல் ஒன்று விழும் என்றால், ஒரே ஆப் 8 வருடம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 55 சதவீதம். நூறு குடும்பங்கள் இப்படிப் போட்டால் 55 வீடுகளில் 74,279 டாலர் இருக்கும். 45 வீடுகளில் ஒன்றுமே இருக்காது. நூறு வீட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பேங்க் கணக்குதான் வரும். ஆனால் சராசரி வீடு என்று ஒன்று இல்லையே. உங்கள் மகள் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் இருப்பாள்.

கதவு சாத்தினால் பணம் யாருடையது?

இதற்கு ஒரு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. செல்சியஸ் நிறுவனம் 17 சதவீதம் வரை தருவதாக விளம்பரம் செய்தது. 2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, யாரும் பணம் எடுக்க முடியாது என்று அறிவித்தது. ஒரு மாதம் கழித்து ஜூலை 13 அன்று திவால் மனு. "என் காயின், என் கணக்கில் இருக்கிறது, எனக்குக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். 2023 ஜனவரி 4 அன்று நியூயார்க் திவால் நீதிமன்ற நீதிபதி மார்ட்டின் க்ளென் தீர்ப்பு சொன்னார். வட்டி தரும் எர்ன் கணக்குகளில் போட்ட காயின் கம்பெனிக்கே சொந்தம். சேரும்போது எல்லோரும் "சம்மதம்" என்று தட்டிய நிபந்தனைகளில் உரிமை கைமாறுகிறது என்று எழுதியிருந்தது. சுமார் 6 லட்சம் கணக்குகள், 420 கோடி டாலர் மதிப்பு. அதுவரை தங்களை டெபாசிட்தாரர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு வேதனை. அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி திவால் மனு போட்ட நாளின் டாலர் விலையில் கணக்கிடப்பட்டது. அன்று ஒரு பிட்காயின் சுமார் 20,000 டாலர். பணம் திரும்ப ஆரம்பித்த 2024 தொடக்கத்தில் அது 40,000-ஐத் தாண்டியிருந்தது. வீட்டில் சும்மா வைத்திருந்தவருக்குக் கிடைத்த ஏற்றம், வட்டிக்குக் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. நிறுவனர் அலெக்ஸ் மஷின்ஸ்கிக்கு மோசடிக் குற்றத்துக்காக 2025 மே மாதம் 12 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதனால் யாருடைய காயினும் திரும்பிவிடவில்லை.

முழுதாகத் திரும்பியவர்களும் உண்டு. ஜெமினி எர்ன் கணக்கு வைத்திருந்தவர்களுக்குக் காயின் காயினாகவே திரும்பியது. ஆனால் 2022 நவம்பரில் முடங்கியது, 2024 மே கடைசியில்தான் பெரும்பகுதி கைக்கு வந்தது. ஒன்றரை வருடம். காலேஜ் ஃபீஸ் அவ்வளவு நாள் காத்திருக்குமா?

பேங்க் விழுந்தால்? அதற்குத்தான் டெபாசிட் காப்பீடு. அமெரிக்காவில் எஃப்.டி.ஐ.சி. ஒரு பேங்கில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை. கனடாவில் சி.டி.ஐ.சி. 1,00,000 டாலர். பிரிட்டனில் 2025 டிசம்பர் முதல் 1,20,000 பவுண்ட். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1,00,000 யூரோ. ஆஸ்திரேலியாவில் 2,50,000 டாலர். சிங்கப்பூரில் 1,00,000 டாலர். இந்தியாவில் 5 லட்சம் ரூபாய். கிரிப்டோ ஆப்பில் போட்ட காயினுக்கு இதில் எதுவும் பொருந்தாது. வாயேஜர் தன் வாடிக்கையாளர் பணத்துக்கு எஃப்.டி.ஐ.சி. பாதுகாப்பு இருப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி 2022 ஜூலையில் எஃப்.டி.ஐ.சி.யும் ஃபெடரல் ரிசர்வும் எழுத்து மூலம் உத்தரவிட்டன. அதற்குள் அது திவால் மனுவே போட்டுவிட்டது. ஆகவே ஆப்பில் ஒரு பேங்க் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் காப்பீடு பேங்க் விழுந்தால்தான் பேசும், ஆப் விழுந்தால் பேசாது.

சட்டங்களும் இப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. சாதாரண வாடிக்கையாளர்களின் காயினைக் கடனுக்கு விடுவதையும் ஸ்டேக் செய்வதையும் கிரிப்டோ நிறுவனங்கள் செய்து தரக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 ஜூலையில் அறிவித்தது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான ஜீனியஸ் சட்டம், ஸ்டேபிள்காயின் வெளியிடும் நிறுவனங்கள் அதை வைத்திருப்பவர்களுக்கு வட்டி தருவதைத் தடுக்கிறது. ஆகவே ஸ்டேபிள்காயினுக்கு 12 சதவீதம் என்று யாராவது சொன்னால், இடையில் இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் யார் என்று கேளுங்கள்.

எந்த நாணயத்தில் வட்டி?

கடைசியாக ஒரு கணக்கு. வட்டி எந்த நாணயத்தில் வருகிறதோ, அந்த நாணயத்தின் விலையும் நம் வட்டியின் ஒரு பகுதி. ஒரு காயினில் 12 சதவீதம் கிடைத்து, அந்தக் காயின் 30 சதவீதம் விழுந்தால், 100 டாலர் 78.40 ஆகிறது. வட்டி வரவில்லையா என்றால் வந்தது, முழுதாகவே வந்தது. கையில் மட்டும் பணம் குறைந்துவிட்டது.

இது கிரிப்டோவில் மட்டும் நடப்பதில்லை. இந்தியாவில் என்.ஆர்.இ. டெபாசிட் வைத்திருக்கிற நாம் எல்லோரும் இதைப் பார்க்கிறோம். 7 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டினால் 7.19 சதவீதம். 2015-ல் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2025 நடுவில் சுமார் 86. வருடத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் ரூபாய் தேய்ந்திருக்கிறது. டாலரில் பார்த்தால் அந்த 7 கிட்டத்தட்ட 4 ஆகிவிடுகிறது. ஊரில் செலவழிக்கப்போகிற பணமென்றால் ரூபாயில் இருப்பது நியாயம். இங்கே ஃபீஸ் கட்டப்போகிற பணமென்றால் டாலர் கணக்குத்தான் கணக்கு.

ஊர் விளம்பரத்தில் இன்னொரு வித்தை உண்டு. சில கம்பெனி டெபாசிட்டுகளில் "யீல்ட் 8.30 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டு, விகிதம் 7 என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். 10 லட்சம் 5 வருடத்தில் 14,14,778 ஆகிறது. மொத்த வட்டி 41.48 சதவீதத்தை 5-ஆல் வகுத்து 8.30 என்கிறார்கள். வருடா வருடம் கிடைப்பது 7.19-தான்.

கடிதத்துக்குப் பதில்

அம்மா, என் பதில் இதுதான். காலேஜ் பணம் 30,000 டாலரைக் காப்பீடு இருக்கிற இடத்திலிருந்து எடுக்காதீர்கள். வட்டியை உயர்த்த வேண்டுமென்றால் வேறு ஆன்லைன் பேங்குகளையும் சி.டி.யையும் ஒப்பிடுங்கள், ஏ.பி.ஒய். எண்ணை மட்டும் பார்த்து. படிப்புக்கென்றே இருக்கும் 529 திட்டத்தையும் விசாரியுங்கள். அதில் வளரும் பணம் படிப்புச் செலவுக்கு எடுத்தால் மத்திய வரி கிடையாது. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு ஒவ்வொரு வருடமும் வரி உண்டு. வரி 20 சதவீதம் என்றால் உங்கள் 4 உண்மையில் 3.2-தான். ஸ்டேக்கிங்கில் கிடைப்பதையும் கைக்கு வந்த வருடத்து வருமானமாகவே அமெரிக்க வருமான வரித் துறை பார்க்கிறது.

தம்பியோடு சண்டை போட வேண்டாம். அவர் பணத்தை அவர் விருப்பப்படி வைக்கட்டும். ஐந்து கேள்விகளை மட்டும் அவரிடம் கொடுத்து, ஆப்பின் நிபந்தனைகளில் பதில் தேடச் சொல்லுங்கள்.

1. 12 என்பது ஏ.பி.ஆர்.ஆ, ஏ.பி.ஒய்.யா? எத்தனை நாளைக்கு உறுதி?
2. வட்டி எந்தக் காயினில் வருகிறது? போட்ட அதே காயினிலா, ஆப்பின் சொந்தக் காயினிலா?
3. அந்த வட்டியைக் கட்டுவது யார்? அவர்களுக்கு அது எப்படிக் கட்டுப்படியாகிறது?
4. போட்ட பிறகு காயினின் உரிமை யாரிடம்?
5. எந்தச் சூழ்நிலையில் பணம் எடுப்பதை நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள்?

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் அங்கே ஒரு டாலரும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்கா சொன்னால் கேட்பார்.

பத்து வயது மகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவளுக்கு "அம்மா பேங்க்" ஒன்று ஆரம்பித்துக் கொடுங்கள். 10 டாலர் போடட்டும். மாதம் 10 சதவீதம் வட்டி, எடுக்காமல் விட்டால் வட்டிக்கும் வட்டி. ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். 11.00, 12.10, 13.31 என்று போய், ஒரு வருடத்தில் 31.38 வரும். கூட்டு வட்டி அவளுக்குக் கண்ணெதிரே புரியும். நடுவில் ஒருநாள் "இவ்வளவு பணம் உனக்கு எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்பாள். சம்பளத்திலிருந்து, உனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக என்று உண்மையைச் சொல்லுங்கள். வெளியே யாரும் இப்படித் தரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வீட்டுக் கடன். கனடாவில் நிலையான வட்டி வீட்டுக் கடனை ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூட்டுகிறார்கள், அதனால் அமெரிக்க உறவினரோடு வட்டி விகிதத்தை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம் என்று பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கணக்கில் முடிச்சு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.